பக்கம் மாறியவர்கள்

1800-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தின் புராட்டஸ்டண்ட் அமைப்பான ஆரஞ்சு சங்கத்தின் கிளைகள் பல கூடித் தீர்மானம் போட்டன. பிரிட்டனோடு இணைப்பு வேண்டாம், டப்ளினில் இருக்கும் நாடாளுமன்றம் அங்கேயே இருக்கட்டும் என்பது அவற்றின் சாரம். இந்த விஷயத்தில் யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று சங்கத் தலைமை அடக்கிப் பார்த்தது. ஆர்மா, ஃபெர்மானா பகுதிக் கிளைகள் கேட்கவில்லை. அதே மாதங்களில் கத்தோலிக்க ஆயர்கள் இணைப்பின் பக்கம் நின்றார்கள். டப்ளின் பேராயர் ட்ராய் அதை வெளிப்படையாகவே ஆதரித்தார். புராட்டஸ்டண்ட் நிலக்கிழார்கள் மட்டுமே உட்காரக்கூடிய டப்ளின் மன்றத்தைவிட லண்டன் மன்றம் தங்கள் மக்களுக்கு நியாயம் செய்யும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அடுத்த நூற்றாண்டின் கதை தெரிந்தவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். கத்தோலிக்கர் என்றால் தேசியவாதி, புராட்டஸ்டண்ட் என்றால் பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் ஒன்றியவாதி. இந்தப் பிரிவினை ஆதிமுதல் அப்படியே இருந்துவருகிறது என்றுதான் இரு தரப்பும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தன. உண்மையில் இரண்டு கட்சிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் உருவாக்கங்கள். ஒன்று வளர்ந்த விதத்தில்தான் மற்றது வளர்ந்தது. ஒருவர் கையாண்ட உத்தியை மற்றவர் எடுத்துக்கொண்டார். ஆனால் எதிரே நிற்பவருக்கும் சொந்தமாக ஒரு மனமும் ஒரு காரணமும் இருக்கும் என்பதை மட்டும் இரண்டு பேருமே கடைசிவரை நம்பவில்லை.

ஆரஞ்சு சங்கம் பிறந்த இடம் ஆர்மா கவுண்டி. 1780-களிலும் 90-களிலும் அது லினன் நெசவுக்குப் பேர்போன பகுதி. ஆளுக்கு ஒரு துண்டுக் குத்தகை நிலம், வீட்டுக்குள் ஒரு தறி. இதுவே குடும்பத்தின் சொத்து. கத்தோலிக்கர்களும் நெசவில் இறங்கி, கூடுதல் குத்தகை கொடுத்து நிலம் எடுக்கத் தொடங்கியபோது உரசல் தொடங்கியது. விடியற்காலையில் கத்தோலிக்கர் வீடுகளில் ஆயுதம் தேடுவதாகப் புகுந்த புராட்டஸ்டண்ட் கும்பல்கள் தறிகளையும் பாவுகளையும் சேர்த்தே அழித்தன. கத்தோலிக்கர் தரப்பில் ‘காப்பாளர்கள்’ என்ற இரகசியக் குழுக்கள் முளைத்தன. 1795 செப்டம்பரில் லாக்கால் கிராமத்துக்கு அருகே ஒரு நாற்சந்தியில் இரு தரப்பும் மோதின. அன்று வென்றவர்கள் கூடி அமைத்ததே ஆரஞ்சு சங்கம். அதற்கடுத்த மாதங்களில் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டு மேற்கே கனாட் மாகாணத்துக்குப் போனார்கள்.

ஆனால் அதே வடக்கில், அதே ஆண்டுகளில், இதற்கு நேர்மாறான காரியம் ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. 1791 அக்டோபரில் பெல்ஃபாஸ்டில், எல்லா மதத்தாரையும் ஒன்றுசேர்க்க ‘ஐக்கிய ஐரிஷ்காரர்கள்’ சங்கம் தொடங்கியது. அதன் மூளையாக இருந்த உல்ஃப் டோன் டப்ளின் புராட்டஸ்டண்ட். முதுகெலும்பாக இருந்தவர்கள் பெல்ஃபாஸ்டின் பிரெஸ்பிட்டேரிய வணிகர்கள். கத்தோலிக்கர்களைப் போலவே அவர்களும் அரசுத் திருச்சபையைச் சேராதவர்கள். தாங்கள் வழிபடாத திருச்சபைக்குத் தசமபாகம் கட்டிப் புழுங்கியவர்கள். அமெரிக்கப் புரட்சியையும் பிரெஞ்சுப் புரட்சியையும் கொண்டாடியவர்கள். பருத்தி ஆலை நடத்திய ஹென்றி ஜாய் மக்கிராக்கன் அவர்களில் ஒருவர். சங்கம் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது, 1798 ஜூன் 7 அன்று ஆன்ட்ரிம் நகரத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கித் தோற்று, ஜூலை 17 அன்று பெல்ஃபாஸ்ட் கடைவீதியில் தூக்கிலேற்றப்பட்டார். தூக்குமரம்வரை அவர் கையைப் பிடித்து நடந்து போனவர் தங்கை மேரி ஆன். அந்த அம்மாள் 1866 வரை உயிரோடிருந்தார். எண்பது வயதைக் கடந்தும் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறவர்களிடம் அடிமை முறைக்கு எதிரான துண்டறிக்கைகளைத் துறைமுகத்தில் நின்று கொடுத்துக்கொண்டிருந்தார். தன் அண்ணன் எந்த மக்களை நம்பி எழுந்தாரோ அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் மெல்ல மெல்ல மறு பக்கம் நகர்ந்ததை முழுதாகப் பார்த்த சாட்சி அவர்.

அந்த நகர்வு ஏன் நடந்தது? பிரெஸ்பிட்டேரியர்கள் பயந்துவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பயத்துக்குக் காரணம் இருந்ததும் மெய்தான். அதே 1798 ஜூனில் தெற்கே வெக்ஸ்ஃபோர்டில் ஸ்கல்லபோக் என்ற இடத்தில், பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளான நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கிளர்ச்சிக்காரர்கள் ஒரு களஞ்சியத்தில் அடைத்துக் கொளுத்தினார்கள். அந்தச் செய்தி வடக்கே வந்து சேர்ந்தபோது ஐக்கியம் என்ற பேச்சு பலருக்குக் கசந்தது. ஆனால் ஒரு பயம் மூன்று தலைமுறைக்கு நீடிக்காது. நீடிக்க வேண்டுமானால் அதற்கு வேறு தீனி வேண்டும்.

தீனியில் முதல் கவளத்தைப் போட்டது லண்டன். 1801 ஜனவரி 1 முதல் இணைப்பு நடப்புக்கு வந்தது. கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார வழிசெய்வதாகப் பிரதமர் பிட் கொடுத்திருந்த நம்பிக்கையை மூன்றாம் ஜார்ஜ் மன்னர், முடிசூட்டு உறுதிமொழியைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். பிட் பதவி விலகினார். ஆயர்களின் கணக்கு முதல் ஆண்டிலேயே பொய்த்தது. 1801-லேயே அந்த உரிமை வந்திருந்தால் கத்தோலிக்க நடுத்தர வர்க்கம் லண்டனோடு ஒட்டியிருக்கலாம். வரலாற்றில் ‘இருந்தால்’ போடுவது வீண் வேலைதான். ஆனாலும் இந்த இடத்தில் போடாமல் நகர முடிவதில்லை.

கொடுக்காததை டேனியல் ஓ’கானல் பிடுங்கினார். 1823-இல் அவர் தொடங்கிய கத்தோலிக்கச் சங்கத்துக்கு மாதச் சந்தா ஒரு பென்னி. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் கோயில் வாசலிலேயே அது வசூலானது. வசூலுக்குப் பங்குத்தந்தையர் துணை நின்றார்கள். கூலியாள்கூட உறுப்பினராக முடிந்த வெகுமக்கள் இயக்கம், அதுவும் சட்டத்தை மீறாமல் நடந்த இயக்கம் ஐரோப்பாவுக்கே புதுசு. 1828-இல் கிளேர் இடைத்தேர்தலில் ஓ’கானல் வென்றார். கத்தோலிக்கர் என்பதால் அவரை உள்ளே விட முடியாது. வெளியே நிறுத்தினால் நாடு கொந்தளிக்கும். 1829-இல் அரசு பணிந்தது. பணிந்த கையோடு, ஓ’கானலுக்கு ஓட்டுப் போட்ட, நாற்பது ஷில்லிங் மதிப்பு நிலத்தால் வாக்குரிமை பெற்றிருந்த குடியானவர்களின் உரிமையைப் பறித்தும் கொண்டது.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. ஓ’கானல் மதவெறியர் அல்லர். யூதர்களின் உரிமைக்கும் அடிமைகளின் விடுதலைக்கும் பேசியவர். ஆனால் அவர் கட்டிய எந்திரம் பங்குக்கோயில் வழியாகவே ஓடியது. வேறு வழியும் இல்லை. கிராமத்து ஏழைக் கத்தோலிக்கனிடம் இருந்த ஒரே அமைப்பு அதுதான். விளைவாக, தேசம் என்ற சொல் ஊரில் ஒலித்தபோதெல்லாம் கூடவே கோயில் மணியும் கேட்டது. அந்த மணியை வடக்கத்தியர் வேறு விதமாகக் கேட்டார்கள்.

1841 ஜனவரியில் ஓ’கானல் பெல்ஃபாஸ்டுக்கு வந்தார். இணைப்பை ரத்து செய்ய வேண்டும் என்பது அப்போது அவர் கோரிக்கை. பிரெஸ்பிட்டேரியப் போதகர் ஹென்றி குக் அவரை மேடை விவாதத்துக்கு அழைத்தார். ஓ’கானல் தட்டிக் கழித்தார். ஊரில் கல்லெறி நடந்தது. ஓ’கானல் போன பிறகு நடந்த கூட்டத்தில் குக் வைத்த வாதத்தில் வேதவசனத்தைவிட வரவு செலவுதான் முன்னே நின்றது. இணைப்புக்கு முன் இந்த ஊர் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, பாருங்கள் என்றார். 1800-ஐ ஒட்டி ஏறக்குறைய 20,000 பேர் வாழ்ந்த ஊர் பெல்ஃபாஸ்ட். அந்த நூற்றாண்டு முடிந்தபோது மூன்றரை லட்சம் பேர் வாழும் நகரம். லினன் ஆலைகள், கயிற்றுத் தொழிற்சாலை, 1861 முதல் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் கட்டும் துறை. அதன் மூலப்பொருள், அதன் சந்தை, அதன் கடன், எல்லாமே கிளாஸ்கோவோடும் லிவர்பூலோடும் பிணைந்தவை. டப்ளினில் ஒரு மன்றம் அமைந்து இறக்குமதிக்குச் சுங்கம் போட்டால் என்னாகும் என்ற கேள்வி முதலாளிக்கு மட்டுமல்ல, ரிவெட் அடிக்கும் தொழிலாளிக்கும் இருந்தது.

அதே இணைப்பு மேற்கே வேறு முகம் காட்டியது. 1841-இல் அயர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 82 லட்சம். 1845-இல் உருளைக்கிழங்கை நோய் தாக்கியது. அதன் பின் வந்த பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள். ஓட்டம் அதோடு நிற்கவில்லை. 1911-இல் நாட்டில் எஞ்சியிருந்தவர்கள் 44 லட்சம் பேர் மட்டுமே. வடக்கு மாகாணமான அல்ஸ்டர் தப்பித்தது என்பது பிற்காலக் கற்பனை. அங்கே லர்கன் ஏழை விடுதியில் புராட்டஸ்டண்டுகளும் செத்தார்கள். ஆனால் நினைவில் அது தங்கிய விதம் வேறு. உலகத்தின் மிகச் செழித்த அரசின் உறுப்பாக இருந்துகொண்டே பட்டினியால் சாக விடப்பட்டோம் என்று மாயோ மாவட்டத்துக்காரர் நினைத்தார். அதே அரசின் உறுப்பாக இருந்ததால்தான் தலையெடுத்தோம் என்று பெல்ஃபாஸ்ட்காரர் நினைத்தார். இரண்டும் அவரவர் கண்ணால் கண்டது. ஒரே சட்டத்தின் கீழ் இரண்டு அனுபவங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் இரு தரப்பையும் வெறும் மதச்சண்டையாகப் படிப்பவர்கள் பாதிக் கதையைத்தான் படிக்கிறார்கள்.

பக்கம் மாறியவர்கள் மறு திசையிலும் இருந்தார்கள். ஐசக் பட், டோனெகால் கவுண்டிப் போதகர் ஒருவரின் மகன். ஆரஞ்சு அபிமானி, கன்சர்வேட்டிவ், டிரினிட்டி கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். 1843-இல் டப்ளின் மாநகர மன்றத்தில் ஓ’கானலுக்கு எதிராக நின்று இணைப்பைத் தூக்கிப் பிடித்து வாதாடியவர். பஞ்சம் அவரை உலுக்கியது. பின்னர் ஃபீனியன் புரட்சியாளர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். 1870-இல், அயர்லாந்தின் உள் விவகாரங்களுக்கு அயர்லாந்திலேயே மன்றம் வேண்டும் என்ற ‘ஹோம் ரூல்’ இயக்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். பேரரசை உடைப்பது அவர் நோக்கமில்லை. அதற்குள் கௌரவமாக இருப்பதற்கு அதுவே வழி என்று நம்பினார்.

அவருக்குப் பின் அந்த இயக்கத்தின் தலைமைக்கு வந்த பார்னலும் புராட்டஸ்டண்ட், அதிலும் நிலக்கிழார். அவரை மக்கள் தலைவராக்கியது நிலப் போராட்டம். 1879-இல் நிலச் சங்கத்தை நிறுவிய மைக்கேல் டேவிட், மாயோவில் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் பிள்ளை. லங்காஷைர் பஞ்சாலையில் பதினொரு வயதில் ஒரு கையை இழந்தவர். 1880 இலையுதிர் காலத்தில் மாயோவில் கேப்டன் பாய்காட் என்ற நில முகவரின் பண்ணையில் வேலைக்குப் போக ஊரே மறுத்தது. விளைச்சலை எடுக்கக் காவனிலிருந்தும் மொனஹனிலிருந்தும் ஐம்பது ஆரஞ்சுத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்களும் போலீசாரும் வந்தார்கள். எடுத்த கிழங்கின் விலையைப் போலப் பல மடங்கு அரசுக்குச் செலவு.

இந்தக் காட்சியை மட்டும் பார்த்தால் ஆரஞ்சுக்காரர் எப்போதும் நிலக்கிழார் பக்கம் என்று தோன்றும். ஆனால் சில மாதங்கள் கழித்து, 1881 தொடக்கத்தில், டேவிட் வடக்கே ஒரு கிராமத்துக்குப் போய்ப் புராட்டஸ்டண்ட் குத்தகைக்காரர்களிடம் பேசினார். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் உள்ளூர் ஆரஞ்சுக் கிளையின் தலைவர். அந்தக் கிராமம் லாக்கால். சங்கம் பிறந்த அதே ஊர். குத்தகைப் பாரம் எல்லா மதத்தார் முதுகிலும் ஒரே மாதிரிதான் அழுத்தியது.

அந்தக் கதவு ஐந்து ஆண்டுகளில் சாத்தப்பட்டது. 1884-இல் வாக்குரிமை விரிவானது. 1885 தேர்தலில் பார்னல் கட்சி அயர்லாந்தில் 85 இடங்களைப் பிடித்தது. அல்ஸ்டரின் 33 தொகுதிகளில்கூட 17 அவர்களுக்கு. லிபரல் பிரதமர் கிளாட்ஸ்டன் ஹோம் ரூல் மசோதாவைக் கொண்டுவந்தார். கன்சர்வேட்டிவ் தலைவர் ராண்டால்ஃப் சர்ச்சில், இப்போது ஆரஞ்சுச் சீட்டை இறக்குவதே சரி என்று நண்பருக்கு எழுதிவிட்டு, 1886 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்டுக்கு வந்து எதிர்ப்பை மூட்டினார். ஜூன் 8 அன்று 343-க்கு 313 என்ற கணக்கில் மசோதா தோற்றது. அந்தக் கோடை முழுக்க பெல்ஃபாஸ்டில் கலவரம். முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதுவரை லிபரல்களுக்கு ஓட்டுப் போட்டு, நிலக்கிழார்களை எதிர்த்துவந்த பிரெஸ்பிட்டேரிய விவசாயியும், அவனுக்குப் பிடிக்காத நிலக்கிழாரும், கப்பல் துறைத் தொழிலாளியும், அவன் முதலாளியும் ஒரே குடைக்கீழ் வந்தார்கள். ஒன்றியவாதம் கட்சியாக உருப்பெற்றது இந்த ஆண்டில்தான்.

அப்போதும் அவர்கள் தங்களை ஐரிஷ்காரர்களாகவே எண்ணினார்கள். 1892-இல் பெல்ஃபாஸ்டில் சுமார் 12,000 பேராளர்கள் கூடிய ஒன்றியவாதிகள் மாநாட்டுப் பந்தலில், அயர்லாந்து என்றென்றும் வாழ்க என்ற பொருள்படும் ஐரிஷ் மொழி வாசகம் தொங்கியது. இருபது ஆண்டுகள் கழித்து அப்படியொரு வாசகத்தை அங்கே யாரும் மாட்டியிருக்க மாட்டார்கள்.

அந்த வாசகத்தைத் தெற்கு முழுசாகத் தனதாக்கிக்கொண்டதும் ஒரு காரணம். 1884-இல் கேலிக் விளையாட்டுச் சங்கம், 1893-இல் கேலிக் மொழிச் சங்கம். மொழிச் சங்கத்தின் தலைவர் டக்ளஸ் ஹைட் ஒரு புராட்டஸ்டண்ட் போதகரின் மகன். அரசியலுக்கு அப்பால், மொழியின் நிழலில் எல்லாரையும் சேர்த்துவிடலாம் என்று நம்பியவர். சங்கத்தில் அவரோடு முன்னின்ற ஓயின் மக்நீல், ஆன்ட்ரிம் கடற்கரைக் கத்தோலிக்கர். எழுத்தாளர்கள் யேட்ஸும் லேடி கிரெகரியும் புராட்டஸ்டண்டுகள். தேசியப் பண்பாட்டை வடித்துக் கொடுத்தவர்களில் இத்தனை பேர் அந்தப் பக்கத்தவர்கள். ஆனால் வடித்துக் கொடுத்ததைக் கையில் வாங்கியவர்கள் வேறு வகையாகப் பயன்படுத்தினார்கள். 1915-இல் மொழிச் சங்கம் விடுதலை அரசியலை ஏற்றுக்கொண்டபோது ஹைட் தலைமையை விட்டு விலகினார்.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் சிறு பங்குண்டு. 1894-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஆல்ஃப்ரட் வெப், டப்ளினைச் சேர்ந்த குவேக்கர், ஹோம் ரூல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். 1916 செப்டம்பரில் அன்னி பெசன்ட் சென்னையில் ஹோம் ரூல் லீகைத் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு ஏப்ரலிலேயே டப்ளினில் அந்தச் சொல்லின் உயிர் போய்விட்டிருந்தது.

ஹோம் ரூல் செத்த கதையை 1912-இலிருந்து சொல்ல வேண்டும். 1893-இல் இரண்டாவது மசோதாவைப் பிரபுக்கள் சபை 419-க்கு 41 என்று வீசியெறிந்தது. 1911-இல் அந்தச் சபையின் தடுப்பதிகாரம் பிடுங்கப்பட்டது. எனவே 1912 ஏப்ரலில் பிரதமர் ஆஸ்குவித் கொண்டுவந்த மூன்றாவது மசோதா இரண்டு ஆண்டு தாமதித்தாலும் சட்டமாகியே தீரும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தேசியவாதிகளின் தலைவர் ஜான் ரெட்மண்ட் வாழ்நாள் கனவு கைக்கெட்டிய மகிழ்ச்சியில் இருந்தார்.

எதிர்த்தரப்பின் தலைவர் எட்வர்ட் கார்சன் அல்ஸ்டர்காரர் அல்லர். டப்ளினில் பிறந்தவர். ஆஸ்கர் வைல்டைக் குறுக்கு விசாரணையில் சாய்த்த வழக்கறிஞர். அல்ஸ்டர் அவருக்கு ஓர் ஆயுதம். அதை வைத்து மசோதா முழுவதையும் முறித்து, அயர்லாந்து முழுவதையும் இணைப்புக்குள் வைத்திருக்க நினைத்தார். அல்ஸ்டரே இலக்கு என்று இருந்தவர், விஸ்கி வடிப்பாலைக் குடும்பத்தின் பிள்ளையான ஜேம்ஸ் கிரெய்க். ஏற்பாடுகளில் கைதேர்ந்தவர். 1912 செப்டம்பர் 28 அன்று பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தில் கார்சன் முதல் கையெழுத்தைப் போட, ஹோம் ரூலை எதிர்த்து நிற்போம் என்ற உடன்படிக்கையில் 2,37,368 ஆண்களும், அதற்கிணையான பெண்கள் அறிக்கையில் 2,34,046 பெண்களும் ஒப்பமிட்டார்கள். அல்ஸ்டருக்குள் போட்டவர்களை மட்டும் எண்ணினால் பெண்களே அதிகம். நாடாளுமன்ற வாக்குரிமை இல்லாத பெண்கள். ஃபிரெட் கிராஃபோர்ட் என்பவர் தன் இரத்தத்தால் ஒப்பமிட்டதாகச் சொல்லிக்கொண்டார். நூறு ஆண்டு கழித்து அந்தத் தாளைச் சோதித்தவர்களுக்கு இரத்தத்தின் தடயம் கிடைக்கவில்லை.

இந்தக் கூட்டத்தைத் தேசியவாதிகள் எப்படிப் பார்த்தார்கள்? வெறும் மிரட்டல் என்று. லண்டன் கன்சர்வேட்டிவ்கள் சாவி கொடுக்கும் பொம்மைகள். சாவி தீர்ந்ததும் அடங்கிவிடுவார்கள். ரெட்மண்டும் அவர் கட்சியும் கடைசிவரை இப்படித்தான் பேசினார்கள். நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று ஒப்பமிட்டதை மிரட்டல் என்று கடந்துபோக ஒரு தனிப் பிடிவாதம் வேண்டும். ஆனால் ஒன்றியவாதிகளின் பிடிவாதமும் குறைந்ததில்லை. தேசியவாதம் என்பது பாதிரிமாரும் கிளர்ச்சிக்காரர்களும் கிளப்பிவிடும் புகை, குறைகளைத் தீர்த்துவிட்டால் அடங்கிவிடும் என்று கன்சர்வேட்டிவ் அரசுகள் நம்பின. 1903-இன் வின்டம் சட்டம் நிலக்கிழார்களுக்குப் பணம் கொடுத்து நிலத்தைக் குத்தகைக்காரருக்கு மாற்றிக்கொடுத்தது. உண்மையிலேயே பெரிய சீர்திருத்தம். நிலம் கைக்கு வந்த விவசாயி நன்றி சொல்லிவிட்டு, அடுத்த தேர்தலிலும் ஹோம் ரூலுக்கே ஓட்டுப் போட்டார்.

அல்ஸ்டர் என்ற சொல்லே வசதிக்கேற்ப நீண்டு சுருங்கியது. ஒன்பது கவுண்டிகளில் புராட்டஸ்டண்டுகள் தெளிவான பெரும்பான்மையாக இருந்தவை நான்கு. 1913 ஜனவரியில் டெரி நகர இடைத்தேர்தலில் ஹோம் ரூல் ஆதரவாளர் வென்றதும் அல்ஸ்டரின் 33 உறுப்பினர்களில் 17 பேர் ஹோம் ரூல் பக்கம் ஆனார்கள். இதே மாதத்தில்தான் ஹோம் ரூலை எதிர்த்துப் போராட அல்ஸ்டர் தொண்டர் படை முறையாக அமைக்கப்பட்டது. அதில் சுமார் 90,000 பேர் சேர்ந்தார்கள்.

அதைப் பார்த்து மகிழ்ந்த ஒரு தேசியவாதி மக்நீல். 1913 நவம்பர் 1 அன்று மொழிச் சங்க ஏட்டில் அவர் எழுதிய கட்டுரை, வடக்கு வழிகாட்டிவிட்டது என்றது. லண்டன் சொல்வதைக் கேட்க மாட்டோம் என்று ஐரிஷ்காரர்கள் ஆயுதம் எடுப்பது, அது யார் எடுத்தாலும், சுயாட்சியின் தொடக்கம்தானே என்பது அவர் தர்க்கம். அம்மாதமே டப்ளினில் ஐரிஷ் தொண்டர் படை உருவானது. டிசம்பரில் கார்க் நகரக் கூட்டத்தில் மக்நீல் தன் தர்க்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோய், கார்சனின் ஆட்களுக்கு மூன்று முறை வாழ்த்தொலி எழுப்புங்கள் என்று கேட்டார். கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தது; நாற்காலிகள் பறந்தன. ஓர் அறிஞரின் நேர்மையான சிந்தனை பொதுக்கூட்டத்தில் படும் பாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

பிரதியெடுப்பு அதோடு நிற்கவில்லை. 1914 மார்ச்சில் கரா ராணுவ முகாமில், அல்ஸ்டர் மீது படை நடத்துவதைவிடப் பதவி நீக்கத்தை ஏற்போம் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் சொன்னார்கள். அரசுக்குக் கை கட்டப்பட்டுவிட்டது என்பது ஊருக்கே தெரிந்தது. ஏப்ரல் 24 இரவு லார்ன் துறைமுகத்தில், முன்பு சொன்ன அதே கிராஃபோர்ட் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வாங்கிய சுமார் 25,000 துப்பாக்கிகளை இறக்கினார். மோட்டார் வண்டிகள் வரிசைகட்டி வந்து அள்ளிப் போயின. போலீஸ் தலையிடவில்லை. ஜூலை 26 அன்று டப்ளின் அருகே ஹௌத் துறைமுகத்தில் எர்ஸ்கின் சில்டர்ஸ் தன் பாய்மரப் படகில் 900 பழைய மவுசர்களைக் கொண்டுவந்து இறக்கினார். வாங்கிய ஊர் அதே ஹாம்பர்க். இறக்கிய சில்டர்ஸ் லண்டனில் பிறந்தவர். போயர் போரில் பிரிட்டனுக்காகப் போரிட்டவர். இதற்குப் பணம் திரட்டியவர்களும் பெரும்பாலும் வசதியான புராட்டஸ்டண்டுகள். ஒரே ஒரு வித்தியாசம் இருந்தது. லார்னில் இரவு அமைதியாகக் கழிந்தது. டப்ளினில், அன்று மாலை முகாம் திரும்பிய சிப்பாய்கள் பேச்சலர்ஸ் வாக்கில் கேலி செய்த கூட்டத்தைச் சுட்டார்கள். நான்கு உயிர்கள் போயின. சட்டம் யாருக்கு எப்படி என்பதை ஆயிரம் துண்டறிக்கைகளால் சொல்ல முடியாத அளவுக்கு அந்த மூன்று மாத இடைவெளி சொல்லிவிட்டது.

அடுத்து உலகப் போர். 1914 செப்டம்பர் 18 அன்று ஹோம் ரூல் சட்டமானது. போர் முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து ரெட்மண்ட் தன் தொண்டர்களைப் போர்முனைக்குப் போகச் சொன்னார். பெரும்பாலோர் அவர் பக்கம் நிற்க, பத்தாயிரத்தைச் சற்றே தாண்டிய சிறு கூட்டம் மக்நீலோடு பிரிந்தது. அல்ஸ்டர் தொண்டர்கள் 36-ஆவது டிவிஷனாகப் பிரான்சுக்குப் போனார்கள். 1916 ஜூலை 1 அன்று சோம் போர்க்களத்தில் தொடங்கிய தாக்குதலின் முதல் இரண்டு நாட்களில் அவர்களில் ஏறக்குறைய 5,500 பேர் மாண்டோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள். 1917 ஜூனில் மெஸீனில் ரெட்மண்டின் தம்பி, ஐம்பதைத் தாண்டிய நாடாளுமன்ற உறுப்பினர் வில்லி ரெட்மண்ட் குண்டடிபட்டு விழுந்தார். களத்திலிருந்து அவரைத் தூக்கிப் போனவர்கள் அல்ஸ்டர் டிவிஷன்காரர்கள்.

இதனிடையே 1916 ஏப்ரல் 24 அன்று டப்ளின் அஞ்சலகத்தை விடுதலை கோரிய கிளர்ச்சிக்காரர்கள் பிடித்ததும், ஒரு வாரத்தில் சுமார் 485 பேர் இறந்ததும், அவர்களில் பாதிக்கும் மேல் பொதுமக்கள் என்பதும் பலமுறை எழுதப்பட்ட கதை. எழுச்சியை நகரத்தார் பலர் அன்று ஏசினார்கள். மே 3 முதல் 12 வரை, கிளர்ச்சிக்காரர்களில் பதினைந்து பேரை நாளுக்குச் சிலராக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றதும் ஏச்சு நின்றது. 1918-இல் கட்டாய ராணுவச் சேர்ப்பை அயர்லாந்துக்கும் நீட்டப் பார்த்ததும் மீதி வேலை முடிந்தது. அந்த டிசம்பர் தேர்தலில் 105 இடங்களில் முழு விடுதலை கோரிய ஷின் ஃபெய்ன் கட்சி 73, ஒன்றியவாதிகள் 26. நாற்பது ஆண்டுகள் அயர்லாந்தைக் கட்டியாண்ட ஹோம் ரூல் கட்சிக்கு ஆறு.

இறுதிக் கணக்கு முடிக்கும் முறை வந்தபோது இரு தரப்பும் தாங்கள் கேட்காததைப் பெற்றன. 1920-ஆம் ஆண்டின் சட்டம் அயர்லாந்தை இரண்டாக வெட்டி இரண்டுக்கும் ஹோம் ரூல் கொடுத்தது. தெற்கு அதைச் சீந்தவில்லை. பிரிட்டனை எதிர்த்துக் கொரில்லாப் போரில் இருந்தது. ஹோம் ரூல் வந்தால் நாடே போயிற்று என்று உயிர்ப் பணயம் வைத்த அல்ஸ்டர்காரர்கள்தாம் அதை ஏற்று நடத்தினார்கள். 1921 ஜூன் 22 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவர்கள் மன்றத்தைத் திறந்துவைத்தார். இடம், உடன்படிக்கையில் ஒப்பமிட்ட அதே நகர மண்டபம். கிரெய்க் முதல் பிரதமர். கார்சன் அந்தப் பதவியை வேண்டாம் என்றிருந்தார். அவர் காக்க நினைத்தது அயர்லாந்து முழுவதையும். தன் சொந்த ஊரான டப்ளின் அதில் கைவிட்டுப் போயிற்று. டிசம்பரில் பிரபுக்கள் சபையில் எழுந்து, கன்சர்வேட்டிவ் கட்சியை ஆட்சியில் ஏற்றும் விளையாட்டில் தானும் அல்ஸ்டரும் அயர்லாந்தும் பொம்மைகளாக இருந்திருக்கிறோம் என்று கொதித்தார். பொம்மை என்று ரெட்மண்ட் கட்சி சொன்னபோது அவர் சீறியதுண்டு. ரெட்மண்ட் இறந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

ஒன்பது கவுண்டிகளில் ஆறை மட்டும் எடுத்துக்கொள்வது என்று அல்ஸ்டர் ஒன்றியவாதிகள் குழு 1920 மார்ச்சிலேயே முடிவு செய்துவிட்டது. ஒன்பதையும் எடுத்தால் கத்தோலிக்கர் எண்ணிக்கை ஆட்சியை அசைத்துவிடும். ஆறில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். காவன், மொனஹன், டோனெகால் பேராளர்கள் உடன்படிக்கைத் தாளை நினைவூட்டினார்கள். ஒருவரையொருவர் கைவிட மாட்டோம் என்று அதில் அவர்களும்தான் ஒப்பமிட்டிருந்தார்கள். வாக்கெடுப்பில் தோற்றார்கள். எல்லைக் கோட்டின் மறுபுறம், ஆறுக்குள் அடங்கிய டிரோனிலும் ஃபெர்மானாவிலும் கத்தோலிக்கர் பெரும்பான்மை. அவ்விரு கவுண்டி மன்றங்களும் 1921 இறுதியில் டப்ளினுக்கு விசுவாசம் தெரிவித்தன. கிரெய்க் அரசு இரண்டையும் கலைத்தது. தெற்கே புதிய ஐரிஷ் அரசை உருவாக்கிய, பிரிட்டனுடனான ஒப்பந்தத்தை ஏற்காதவர்கள் பக்கம் நின்ற சில்டர்ஸ், 1922 நவம்பரில் அந்த அரசின் துப்பாக்கிகளுக்கு முன் நிறுத்தப்பட்டார். 1923 ஏப்ரல் 1 முதல் எல்லைச் சாலைகளில் சுங்கச் சாவடிகள் வேலை செய்யத் தொடங்கின.